புது கம்ப்யூட்டர்: ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்கிறது

பள்ளத்தூர் ஸ்டூடியோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், மணிவிழா, காதுகுத்து எல்லாம் எடுப்போம். ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் என் கையில்தான். பழைய மெஷினில் 4கே கிளிப் ஒன்றை இழுத்துப் போட்டால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், அப்போதும் அந்தக் கோடு பாதியில்தான் நிற்கும். தை முகூர்த்தம் தொடங்குவதற்குள் புது மெஷின் வேண்டும் என்று பாகம் பாகமாக வாங்கி நானே மாட்டினேன்.

ரைசன் 5 7600 பிராசசர், பி650 போர்டு, முழு ஏடிஎக்ஸ் அளவு. டிடிஆர்5 ராம் 16 ஜிபி இரண்டு, 6000 வேகம். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ டிஸ்க், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி). கேபினெட்டும் மானிட்டரும் காரைக்குடியில் எடுத்தவை. மற்றதெல்லாம் சென்னை ரிச்சி தெரு. கிராபிக்ஸ் கார்டை மடியில் வைத்துக்கொண்டே பல்லவன் ரயிலில் வந்து இறங்கினேன்.

பவர் பட்டனை அழுத்தினால் சிபியு ஃபேன் அரைச் சுற்று சுற்றுகிறது, போர்டில் விளக்கு ஒரு மின்னு மின்னுகிறது, அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால் சத்தமே இல்லை. பின்னால் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் விட்டு ஆன் செய்தால் மறுபடியும் அதே அரைச் சுற்று. டிஸ்ப்ளே பற்றிக் கேட்கவே வேண்டாம்.

24 பின் கேபிள் கிளிக்கென்று உட்கார்ந்திருக்கிறது. போர்டின் மேல் மூலையில் சிபியுவுக்கான 8 பின்னும் மாட்டியாகிவிட்டது. ராமை எடுத்து மறுபடி போட்டேன். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். மாற்றமே இல்லை.

இன்னொன்று. கேபினெட்டின் பின்பக்க ஸ்குரூவில் விரல் பட்டால் ஜிவ்வென்று ஏறுகிறது. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. மெஷின் ஆஃபில் இருக்கும்போதும் அப்படித்தான். செருப்புப் போட்டிருந்தால் தெரிவதில்லை. வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நின்றால் நன்றாகவே தெரிகிறது. இடம் ஒரு பழைய வீட்டின் முகப்பு அறை, வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார். வயரிங் சுவரில் மரச்சட்டம் அடித்து ஓட்டிய காலத்தது, மூன்று பின் பாயின்ட் மட்டும் பிற்பாடு வைத்தது.

கடைக்குப் போன் செய்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்த்துவிடலாம் என்கிறார்கள். அவ்வளவையும் திரும்பக் கட்டிக்கொண்டு எழும்பூர் போவதற்கு முன்னால் இங்கேயே ஏதாவது பார்க்க முடியுமா? எந்தப் பாகத்தின் மேல் சந்தேகப்படலாம்?

கோவை கேமர் எழுதியது:

ப்ரோ, எஸ்எம்பிஎஸ் அவுட். பாடியில் கரண்ட் அடிக்கிறது, ஃபேன் நின்றுவிடுகிறது, இரண்டும் சேர்ந்தால் வேறு என்ன இருக்க முடியும்? வாட் போதாமல் இல்லை, 4060க்கு 550 வாட் போதும் என்றுதான் என்விடியாவே சொல்கிறது. பீஸ்தான் கோளாறு. வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள்.

காரைக்குடி சர்வீஸ்காரன் எழுதியது:

ஸ்டூடியோ தம்பி, முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மற்றது அப்புறம்.

கோவைத் தம்பி சொல்கிற மாதிரி எஸ்எம்பிஎஸ்ஸை உடனே குற்றவாளி ஆக்க வேண்டாம். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. ஒரே நேரத்தில் வந்ததால் ஒன்று போலத் தெரிகிறது.

ஜிவ்வென்பதை முதலில் பார்ப்போம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழைகிற இடத்திலேயே இரண்டு சின்ன கெபாசிட்டர் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து பாடிக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து பாடிக்கு. லைனில் வரும் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. எர்த் இருந்தால் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக வழியில்லாமல் கேபினெட் இரண்டுக்கும் நடுவில் மிதக்கும். 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115. ஆம்பியர் மிகக் கொஞ்சம் என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது, விரலில் ஜிவ்வென்பதோடு சரி. பட்டன் ஆஃபில் இருந்தாலும் பிளக் சொருகியிருக்கும் வரை இது இருக்கும். எஸ்எம்பிஎஸ் சரியாக இருந்தாலும் இப்படித்தான் வரும்.

அதற்காக அப்படியே விட்டுவிடக் கூடாது. நிஜமாகவே உள்ளே ஏதாவது லீக் ஆனாலும் உங்களுக்கு இதே ஜிவ்தான் தெரியும், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால் அந்த மிதக்கிற வோல்டேஜ் மானிட்டர் வழியாகவோ கேமரா வழியாகவோ இறங்கப் பார்க்கும். எச்டிஎம்ஐ போர்ட் போய் என்னிடம் வந்த டிவிகளிலும் செட்டாப் பாக்ஸ்களிலும் பாதிக்கு இதுதான் கதை.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. பிற்காலத்தில் கிரைண்டருக்கும் பிரிட்ஜுக்கும் என்று பாயின்ட்டை மட்டும் மாற்றியிருப்பார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் வர வேண்டும். எர்த் மிதந்துகொண்டிருந்தால் நூறு, அறுபது, என்று வாய்க்கு வந்தது காட்டும்.

இரண்டு விஷயத்தில் உஷாராக இருங்கள். ஒன்று, சிலர் நூறு வாட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்துப் பார்ப்பார்கள். எர்த் மண்ணோடு சேராமல் வீட்டுக்குள் மட்டும் சுற்றி வருகிற வயராக இருந்தால், அந்த பல்பு வழியாக வீட்டிலுள்ள பிரிட்ஜ், மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் ஏறும். வேண்டவே வேண்டாம். இன்னொன்று, பிளக் பாக்ஸுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் காசு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஜிவ் நின்றுவிடும், மீட்டரும் பிரமாதமாகக் காட்டும். ஆனால் எப்போதாவது நியூட்ரல் எங்காவது விட்டால் முழு 230ம் உங்கள் கேபினெட்டில் நிற்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மீட்டர் அசையாமல் பூஜ்யம் காட்டினால் பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அரைச் சுற்று. பின்பக்க சுவிட்சை ஆஃப் செய்தால்தான் மறுபடி உயிர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். எஸ்எம்பிஎஸ் எங்கோ ஷார்ட்டைப் பார்த்துத் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. பூட்டு விலக மெயின் கரண்ட் போய் வர வேண்டும். அதாவது அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எர்த் சரியானதும் எல்லாவற்றையும் கேபினெட்டிலிருந்து வெளியே எடுங்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வையுங்கள். பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், அவ்வளவு போதும். ராம் எந்த ஸ்லாட் என்பது முக்கியம்: சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவது, ஏ2 என்று போட்டிருக்கும். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், என்விஎம்இ வேண்டாம். 7600ல் உள்ளேயே டிஸ்ப்ளே இருப்பதால் மானிட்டரை போர்டின் எச்டிஎம்ஐயிலேயே மாட்டலாம். 24 பின், சிபியு 8 பின் இரண்டையும் கொடுத்து, பவர் சுவிட்ச் என்று போட்டிருக்கும் இரண்டு பின்னை ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு விடுங்கள். கேபினெட் பட்டனே கோளாறாக இருக்கும் கதையும் உண்டு, அதுவும் இதில் தெரிந்துவிடும்.

ஓடினால் சொல்லுங்கள். ஓடாவிட்டாலும் சொல்லுங்கள்.

தேவகோட்டை லேப் டீச்சர் எழுதியது:

சர்வீஸ் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே வைத்து ஆன் செய்து ஃபேன் நிற்காமல் ஓட ஆரம்பித்ததும் டிஸ்ப்ளே வரவில்லையே என்று உடனே அணைத்துவிடாதீர்கள். டிடிஆர்5 போர்டுகள் முதல் தடவை ஆன் ஆகும்போது ராமை எந்த வேகத்தில், எவ்வளவு தாமதத்தில் படிப்பது என்று தானே சோதித்துச் சோதித்துப் பார்க்கும். மெமரி ட்ரெயினிங் என்பார்கள். அது முடியும் வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். சில நிமிஷங்கள் ஆவது சாதாரணம், பத்து நிமிஷம் வரைகூட விட்டுப் பார்க்கலாம். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் பள்ளி லேபுக்குப் புது மெஷின் வந்தபோது, வந்த பையன் பொறுமையில்லாமல் அணைத்து அணைத்துப் போட்டு, போர்டு டெட் என்று பெட்டியில் எழுதி ஓரமாக வைத்துவிட்டான். நான் ஆன் செய்துவிட்டு ஏழாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன், தானாக வந்தது.

போர்டின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்கு இருக்கும். பல போர்டுகளில் சிபியு சிவப்பு, டிராம் (ராம்தான்) மஞ்சள், விஜிஏ (கிராபிக்ஸ்) வெள்ளை, பூட் பச்சை. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறலாம், பக்கத்தில் எழுத்து இருக்கும். எது நின்று எரிகிறதோ அங்கேதான் சிக்கல், அல்லது வேலை நடந்துகொண்டிருக்கிறது. மஞ்சள் நின்றால் பயப்படாமல் காத்திருங்கள்.

வெள்ளி நிறப் பையின் மேல் போர்டை வைத்து ஆன் செய்யாதீர்கள், அந்தப் பையின் வெளிப்பக்கம் கரண்ட் கடத்தக்கூடியது. அட்டைப்பெட்டியே நல்லது. கிராபிக்ஸ் கார்டைத் திரும்பப் போட்ட பிறகு மானிட்டர் கேபிளையும் கார்டுக்கு மாற்ற மறக்காதீர்கள். இன்டெலில் கடைசியில் எஃப் என்று முடிகிற பிராசசர்களாக இருந்தால் போர்டின் எச்டிஎம்ஐ சும்மா பெயருக்குத்தான், அதில் ஒன்றுமே வராது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பள்ளத்தூர் ஸ்டூடியோ எழுதியது:

அண்ணே, டீச்சர், இருவருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

எலெக்ட்ரீஷியன் வந்து பிளக் பாக்ஸைக் கழற்றினார். அண்ணன் சொன்னது அப்படியே. மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒரு பச்சை வயர் இருக்கிறது, நான்கு விரல் நீளம். அது மரப்பெட்டியோடு முடிந்துவிடுகிறது, அந்தப் பக்கம் எதுவுமே இல்லை. மீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 90 சொச்சம் ஆடிக்கொண்டிருந்தது. நியூட்ரலோடு ஒரு சின்ன லூப் போட்டுவிடட்டுமா, எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறோம் என்று அவரும் கேட்டார். வேண்டாம் என்று உங்கள் பதிவை மொபைலில் காட்டினேன். கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் படித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

ஆச்சிக்குப் போன் செய்தேன். சுவரை உடைக்கக் கூடாது, தேக்குச் சட்டத்தில் ஆணி அடிக்கக் கூடாது, கல்லைப் பெயர்க்கக் கூடாது என்று மூன்றும் சொல்லிவிட்டு, பின்கட்டில் போர் மோட்டாருக்கு எர்த் குழி போட்டிருக்கிறார்கள், அதிலிருந்து எடுத்துக்கொள் என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது! அந்தக் குழியில் குழாய் இறக்கி உப்பும் கரியும் போட்டு மேலே சிமென்ட் தொட்டி கட்டியிருக்கிறது. தொட்டி காய்ந்து கிடந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, அங்கிருந்து தனி வயரை பிவிசி பைப்புக்குள் ஓட்டி, நடையின் ஓரமாக முகப்பு அறைக்குக் கொண்டுவந்தார். வீடு தெருவுக்குத் தெரு நீளும் வீடு, வயர்ச் செலவு நான் நினைத்ததைவிட அதிகம். இப்போது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 228, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2. ஸ்குரூவைத் தொட்டால் ஒன்றுமில்லை.

அடுத்து போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்தேன். ஒரே ராம், ஏ2. ஸ்குரூடிரைவரால் தொட்டதும் ஃபேன் சுற்றியது, நிற்கவே இல்லை. சிவப்பு வந்து போனது, மஞ்சள் வந்து அப்படியே நின்றது. அங்கேதான் டீச்சரை நினைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபேன் திடீரென்று வேகம் குறைகிறது, மறுபடி ஏறுகிறது, ஒரு தடவை முழுக்க அணைந்து தானாகவே எழுந்தது. மானிட்டர் சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. அப்புறம் மஞ்சள் அணைந்து பச்சை வந்த கொஞ்ச நேரத்தில் பயாஸ் திரை, போர்டின் சொந்த செட்டிங்ஸ் திரை. ராம் 4800 என்று காட்டியது, சிபியு 44 டிகிரி. இரண்டாவது ராமை பி2வில் போட்டேன், மறுபடி காத்திருப்பு, அதுவும் வந்தது. கிராபிக்ஸ் கார்டு, வந்தது. என்விஎம்இ, தெரிகிறது.

சந்தோஷமாக எல்லாவற்றையும் கேபினெட்டுக்குள் வைத்து ஒன்பது ஸ்குரூவும் முறுக்கிப் பட்டனை அழுத்தினேன். அரைச் சுற்று. மறுபடி அதே அரைச் சுற்று.

காரைக்குடி சர்வீஸ்காரன் எழுதியது:

நல்லது. பாகம் எதுவும் கெடவில்லை என்று தெரிந்துவிட்டது. கடைக்காரரையும் விட்டுவிடலாம். வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை என்றால் கேபினெட்டின் தகரம் போர்டின் முதுகை எங்கோ தொடுகிறது.

போர்டு தகரத்தில் படாமல் இருக்க ஸ்டாண்ட்ஆஃப் என்கிற அறுகோணப் பித்தளைக் கால்கள் இருக்கும். முழு ஏடிஎக்ஸ் போர்டில் ஒன்பது ஓட்டை, ஒன்பது கால். ஆனால் பல கேபினெட்டுகள் கம்பெனியிலிருந்து வரும்போதே மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்கும் சேர்த்துக் கால் முறுக்கி வருகின்றன. முழு போர்டை வைக்கும்போது அந்தக் கூடுதல் கால் போர்டுக்கு அடியில், ஓட்டையே இல்லாத இடத்தில் நிற்கும். ஒன்பது ஸ்குரூவும் ஒழுங்காக ஏறிவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. நீங்கள் ஸ்குரூவை முறுக்க முறுக்க அது சால்டர் முனைகளை அழுத்தும். கேபினெட் எர்த்தோடு சேர்ந்தது, பித்தளை கேபினெட்டோடு சேர்ந்தது, அந்த முனையில் 12 வோல்ட்டோ 5 வோல்ட்டோ இருந்தால் முடிந்தது கதை.

எட்டிப் பார்த்தால் தெரியாது. ஒரு தினத்தாளை மேஜையில் விரித்து, போர்டை அதன் மேல் நிமிர்த்தி வையுங்கள். ஒன்பது ஓட்டை வழியாகவும் பென்சிலை விட்டுத் தாளில் குத்திக்கொள்ளுங்கள். போர்டின் ஓரத்தையும் கோடு போட்டுக்கொண்டு போர்டை எடுத்துவிடுங்கள். தாளைத் திருப்பாமல், அதே பக்கம் மேலே இருக்க, கேபினெட்டுக்குள் வைத்து ஒன்பது குத்தையும் பித்தளைக் கால்களோடு சேருங்கள். கோட்டுக்கு உள்ளே, குத்தில்லாத இடத்தில் தாள் கூடாரம் போல் தூக்கி நின்றால் அங்கே ஒருவன் ஒளிந்திருக்கிறான். நோஸ் பிளையரால் பிடித்து இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும்.

கையோடு பின்பக்கத் தகட்டையும் பாருங்கள், போர்ட்டுகள் வெளியே தெரிகிற அந்தத் தகடு. தனியாக மாட்டும் வகையாக இருந்தால் அதிலுள்ள மெல்லிய நாக்குகளில் ஒன்று மடங்கி யுஎஸ்பிக்குள்ளோ லேன் போர்ட்டுக்குள்ளோ போய் உட்கார்ந்துகொள்ளும். இதே அறிகுறிதான் வரும்.

ஸ்குரூவை உயிரைக் கொடுத்து முறுக்க வேண்டாம். நின்றதும் நிறுத்துங்கள்.

பள்ளத்தூர் ஸ்டூடியோ எழுதியது:

கிடைத்துவிட்டது அண்ணே! தாளில் நடுவரிசைக்குக் கீழே ஒரு இடம் தூக்கிக்கொண்டு நின்றது. போர்டைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் நகத்தால் கீறின மாதிரி ஒரு பளிச்சென்ற அரை வட்டம், இரண்டு சால்டர் முனையின் தலை லேசாக மழுங்கியிருக்கிறது. ட்ராக் எதுவும் அறுபடவில்லை, மேக்ரோ லென்ஸ் போட்டுப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். காலைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினேன். ஒரே அழுத்தல், ஓடிவிட்டது.

இப்போது வேறு மூன்று சந்தேகம். பழைய மெஷினின் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் இருக்கிறது, அதை அப்படியே மாட்டினால் பூட் ஆகும் என்று நினைத்தேன். பயாஸில் டிஸ்க் தெரிகிறது, ஆனால் பூட் வரிசையில் வரவே இல்லை. அடுத்தது, ராமை 6000ல் ஓடவிட எக்ஸ்போ ஆன் செய்தேன், அதன் பிறகு ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் திரை வர ஒரு நிமிஷம் போல ஆகிறது. மூன்றாவது, இங்கே கரண்ட் அடிக்கடி போய் வரும். பழைய 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது, தாங்குமா?

காரைக்குடி சர்வீஸ்காரன் எழுதியது:

பழைய டிஸ்கை முதலில் பார்ப்போம், அதில்தானே ஊர்க் கல்யாணம் முழுக்க இருக்கும். பழைய விண்டோஸ் எம்பிஆர் என்கிற பழைய பூட் முறையில் போட்டதாக இருக்கும். புது போர்டு யுஇஎஃப்ஐ என்கிற புது முறையில்தான் பூட் செய்யும், அதனால் வரிசையில் வராது. டிஸ்க் கெடவில்லை, படங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயாஸ் அமைப்பை மாற்றி அதைப் பூட் செய்ய வைக்க மெனக்கெட வேண்டாம். வேறு போர்டில் ஓடிய விண்டோஸை இங்கே இழுத்து வந்தால் டிரைவர் சண்டைதான் மிஞ்சும். பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலர் செய்து என்விஎம்இயில் புதிதாகப் போடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் ஒரு இடத்திலும் பூட் பகுதி பழைய டிஸ்கிலுமாகப் போய், நாளைக்கு டிஸ்கை எடுத்தால் மெஷின் எழாது. தவறிப்போய் டிஸ்கை ஃபார்மேட் செய்துவிடுகிற பயமும் இல்லை. போர்டு கம்பெனி தளத்திலிருந்து லேன், வைஃபை டிரைவரை அதே பென்டிரைவில் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 நெட் கேட்டு நடுவில் நின்றுகொள்ளும்.

அந்த டிஸ்குக்குப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை எடுத்துப் புதியதில் சொருகிவிடாதீர்கள். மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகையில், கேபிளின் ஒரு முனை எல்லாவற்றிலும் ஒன்று போலத் தெரியும், பொருந்தவும் பொருந்தும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க் அந்த நொடியே போய்விடும். புதிய எஸ்எம்பிஎஸ் பெட்டியில் வந்த சாட்டா பவர் கேபிள் மட்டும்.

எக்ஸ்போ ஆன் செய்ததும் நேரம் எடுப்பது பழைய ட்ரெயினிங் வேலைதான், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்கிறது. பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர் என்று ஒன்று இருக்கும், அதை எனேபிள் செய்தால் போன தடவைக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு சீக்கிரம் வந்துவிடும். அதை ஆன் செய்த பிறகு நீலத் திரையோ ரீஸ்டார்ட்டோ வந்தால் முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள், அப்புறமும் வந்தால் அந்த அமைப்பை ஆஃப் செய்துவிட்டு ஒரு நிமிஷத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங் மெஷினுக்குக் காலையில் ஒரு நிமிஷம் பெரிய விஷயமில்லை, ரெண்டரின் நடுவில் நீலத் திரை வந்தால்தான் பெரிய விஷயம்.

600 விஏ யுபிஎஸ் என்றால் வாட் கணக்கில் 360 பக்கம்தான் வரும். உங்கள் கார்டு 115 வாட், பிராசசர் முழு வேகத்தில் 90க்குள், போர்டு, டிஸ்க், மானிட்டர் சேர்த்தால் 280ஐத் தாண்டாது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் தாங்கும், ஆனால் ஃபைலை சேவ் செய்து அணைக்கிற அளவுக்குத்தான். அதில் போட்டோ பிரின்டரை மாட்டவே கூடாது. சூடேற்றுகிற நேரத்தில் மொத்தமாக இழுத்து யுபிஎஸ் கவிழ்ந்துவிடும், பிரின்டர் நேரே சுவரில் இருக்கட்டும். பேட்டரி வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தால் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே மாற்றுங்கள்.

எர்த் குழிக்குச் சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நம் ஊர் மண் காய்ந்தால் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கோவை கேமர் எழுதியது:

சார், எஸ்எம்பிஎஸ் என்று அவசரப்பட்டுவிட்டேன் போல. ஒரு டவுட். என் ரூமில் இருப்பது புது அபார்ட்மென்ட், வயரிங் எல்லாம் புதிது, எர்த் கண்டிப்பாக இருக்கிறது. ஆனாலும் லேப்டாப் சார்ஜ் போட்டால் இல்லை, டெஸ்க்டாப்பைத் தொட்டால் மட்டும் லேசாக ஜிவ்வென்கிறது. இதுவும் அதுதானா?

காரைக்குடி சர்வீஸ்காரன் எழுதியது:

சுவரில் எர்த் இருப்பது சரி. சுவருக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கிறதா? மேஜைக்கு அடியில் குனிந்து, சுவரில் சொருகியிருக்கும் அதன் பிளக்கில் எத்தனை பின் என்று பாருங்கள்.

கோவை கேமர் எழுதியது:

இரண்டு பின் சார். பாக்ஸில் மூன்று ஓட்டை இருக்கிறது, பிளக்கில் இரண்டுதான். இன்றைக்கே வேறு வாங்குகிறேன்.